மேடை இருக்கு... கிட்டார் எங்கே? - மதுரைப் பக்கத்துப் பாட்டுக் கச்சேரிகள் சுருங்கிய கதை

வைகாசி மாதத்து ராத்திரி. மதுரையைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒரு கிராமம். திருமங்கலம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அம்மன் கோயில் திருவிழா. பொங்கல் வைத்தாயிற்று, முளைப்பாரி கரைத்தாயிற்று. அடுத்தது பாட்டுக் கச்சேரி.

ஊருக்கு நடுவே மேடை. கலர் கலராக எல்.இ.டி விளக்குகள். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னால் பெரிய பிளெக்ஸ் பேனர். எல்லாம் சரி... மேடையில் யார் இருக்கிறார்கள்? ஒரு பாடகர், ஒரு பாடகி, ஓரத்தில் லேப்டாப்போடு ஒருவர். அவ்வளவுதான்.

பாட்டு ஆரம்பிக்கிறது. பல்லவி முடிந்ததும் எண்பதுகளில் பதிவான அந்தக் கிட்டார் இசை ஸ்பீக்கரில் வருகிறது. கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கிறது. ஆனால், மேடையில் இருக்கும் பாடகருக்கு அந்த இருபது விநாடிகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவார். 'எல்லாரும் ஜோரா ஒருமுறை கை தட்டுங்க' என்பார். பிறகு சரணம் வந்துவிடும்.

பாட்டில் கிட்டார் இருக்கிறது. மேடையில் கிட்டார் இல்லை!

முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே மேடை எப்படி இருந்தது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ், தபேலா, டோலக், காங்கோ, கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார், புல்லாங்குழல், வசதியான ஊர் என்றால் இரண்டு வயலினும் டிரம்பெட்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் மேடையில் இருப்பார்கள். கச்சேரி தொடங்கும் முன்பே சிறுவர்கள் மேடைக்குக் கீழே போய் நின்றுவிடுவார்கள். பாடகரைப் பார்ப்பதற்காக அல்ல. டிரம்ஸ் வாசிப்பவரின் கைகளைப் பார்ப்பதற்காக.

இந்தப் பதினைந்து பேர் எப்படி மூன்று பேர் ஆனார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடினால், அது மதுரையோடு நிற்காமல் அமெரிக்கா, லண்டன் வரைக்கும் போய் வருகிறது. உலகம் முழுக்க 'ராக் இசை செத்துவிட்டதா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியும் இதுவும் அண்ணன் தம்பிதான்.

ராக் என்றால் நாலு பேர்!

ராக் இசை என்றவுடன் நீளமான தலைமுடி, தோல் ஜாக்கெட், காது கிழியும் சத்தம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு லீட் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு குரல். நாலைந்து நண்பர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, சேர்ந்து வாசிக்கும் இசை. உலகத்தையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழுவில் இருந்தவர்கள் நாலே பேர்.

மதுரைச் சீமைக்கு ராக் இசைக்குழுக்கள் வந்து கச்சேரி செய்ததால் நம் ஆள்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்க்கவில்லை. சென்னை, பெங்களூரு, மும்பை கல்லூரி விழாக்களில் ராக் ஒலித்துக்கொண்டிருந்தபோது, நம் கிராமத்துப் பிள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்முதலில் பார்த்தது கோயில் திருவிழா மேடையில்தான். சினிமாப் பாட்டுக்குள் ஒளிந்துகொண்டுதான் ராக் நம் ஊருக்கு வந்தது. பாட்டுக் கச்சேரிக்காரர்கள்தான் அதைத் தோளில் சுமந்து வந்தவர்கள்.

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய குழு

மதுரை மண்ணுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு புதிதல்ல. எம்.எஸ்.சுப்புலட்சுமி 1916-ல் பிறந்தது மதுரையில். பத்து வயதிலேயே அவர் குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. டி.எம்.சௌந்தரராஜன் பிறந்ததும் இதே ஊரில்தான். 2023-ல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய நாடக சபையிலிருந்து வந்த மரபு, ஆர்மோனியப் பெட்டியோடு ஸ்பெஷல் நாடகமாக இன்றைக்கும் கிராமங்களில் தொடர்கிறது.

இந்த வரிசையில் மறக்க முடியாத குழு ஒன்று உண்டு. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியது அது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட, தம்பிகள் கூடவே வாசித்தார்கள். பாவலர் சகோதரர்கள் என்று பெயர். ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. தெருமுனை, திருவிழா, தேர்தல் பிரசாரம் என மேடை மேடையாக அலைந்துதான் அந்தச் சகோதரர்கள் தொழில் கற்றார்கள்.

1968-ல் சென்னைக்குக் கிளம்பியபோது, வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணம் முழுவதையும் தாய் சின்னத்தாய் கொடுத்தனுப்பினார் என்று இளையராஜா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடந்து போகும். இடையிசையில் வயலின் கூட்டமும் லீட் கிட்டாரும் பேசிக்கொள்ளும். அதை மேடையில் அப்படியே வாசிக்க ஆள்கள் வேண்டும், பயிற்சி வேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தமிழகம் முழுக்க மெல்லிசைக் குழுக்கள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பகலில் மில்லிலோ, வொர்க் ஷாப்பிலோ, அலுவலகத்திலோ வேலை. ராத்திரி கச்சேரி. 'பாட்டில் வருகிற மாதிரியே வாசிக்கிறாங்கப்பா' என்பதுதான் ஒரு குழுவுக்குக் கிடைக்கும் உயர்ந்த சான்றிதழ்.

குழாய் ஸ்பீக்கரும் கேசட்டும்

கச்சேரி இல்லாத நாள்களில் ஊருக்குப் பாட்டுப் போட்டது மைக் செட். அகுஜா ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், வேப்பமரத்து உச்சியிலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய குழாய் ஸ்பீக்கர். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. ஆடி மாதம் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று விசேஷத்துக்கு ஒரு வரிசை. எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதை இரண்டு மைல் தூரத்து வயலில் களை எடுப்பவர்கள்கூடப் பாட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்ட காலம் அது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம்!

பிறகு கேசட் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி, எண்பதுகளில்தான் நம் வீடுகளுக்குள் முழுசாக நுழைந்தது. அதுவரை பாட்டை வாங்குவது வசதியானவர்களின் சமாசாரம். இசைத்தட்டும் விலை அதிகம், அதைச் சுழற்றும் கருவியும் விலை அதிகம். கேசட் அந்தச் சுவரை உடைத்தது. ரெக்கார்டிங் சென்டர்களில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாட்டு நம்பரைக் குறித்துக் கொடுத்துவிட்டு, 60 நிமிட கேசட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்று கணக்குப் போட்டவர்கள் இன்றைக்குத் தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியவர்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.

கேசட் செய்த இன்னொரு பெரிய காரியம், உள்ளூர்க் குரல்களை வெளியே கொண்டுவந்தது. பதிவுசெய்யச் செலவு குறைந்ததால், சினிமாவில் இடம் கிடைக்காத நாட்டுப்புறப் பாட்டுக்கும், அழகர் வர்ணிப்புக்கும், கருப்பசாமி பாட்டுக்கும் கேசட் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதி கிராமம் கிராமமாகச் சேகரித்த பாடல்கள் வீடுகளை எட்டின. மேடைகளில் பாடிக்கொண்டிருந்த பரவை முனியம்மாவை 2003-ல் 'தூள்' படம் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆக, தொழில்நுட்பம் வந்ததாலேயே கலைஞர்கள் அழிந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ரேடியோ வந்தது, இசைத்தட்டு வந்தது, கேசட் வந்தது. அவை எல்லாமும் சேர்ந்து மேடைக் கச்சேரிக்குக் கூட்டத்தைத்தான் சேர்த்தன. கேசட்டில் கேட்ட பாட்டை நேரில் வாசிக்கிறார்கள் என்பதே ஒரு அதிசயமாக இருந்தது.

அப்படியானால், எங்கே திரும்பியது வண்டி?

ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர்

1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார் இளையராஜா. அடுத்த ஆறு வருடங்களில் ஏ.ஆர்.ரஹ்மான், தன் வீட்டிலேயே அமைத்த ஸ்டூடியோவிலிருந்து 'ரோஜா'வோடு வந்தார். வரிசையாக நாற்காலி போட்டு அறுபது எழுபது பேர் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவுசெய்த முறை மாறி, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் முறை பரவலானது. டிரம்ஸ் ஒலியை ஒரு பட்டன் தந்தது. வயலின் கூட்டத்தை ஒரு கீபோர்டு தந்தது.

இது தமிழ் சினிமாவின் கதை மட்டுமல்ல. உலகம் முழுக்க இதே காலத்தில் இதுதான் நடந்தது. முன்பு ஒரு பாட்டைப் பதிவுசெய்ய வேண்டுமென்றால் குழு வேண்டும், பயிற்சிக்கு இடம் வேண்டும், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டூடியோ வேண்டும். பிறகு, படுக்கையறையில் ஒரு பையன் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் முடித்துவிட முடிந்தது. ஹிப்ஹாப்பும் எலெக்ட்ரானிக் இசையும் அந்த வசதியில் கிளைவிட்டு வளர்ந்தன. நாலு பேர் கூடியே ஆக வேண்டிய ராக் பின்தங்கியது.

2017-ல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்ற இடத்தை ராக் முதன்முறையாக இழந்தது. ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்து முந்திவிட்டதாக நீல்சன் நிறுவனத்தின் கணக்கு சொன்னது. அடுத்த வருடமே, 2018 மே மாதம், நூறு வருடங்களைத் தாண்டிய கிட்டார் நிறுவனமான கிப்சன் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 'கிட்டார் யுகம் முடிந்தது' என்று தலைப்புச் செய்திகள் வந்தன.

ஆனால், வேடிக்கையைக் கேளுங்கள். கிப்சன் அந்த வருடக் கடைசிக்குள் மீண்டு வந்துவிட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, இன்னொரு பெரிய கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே இல்லாத விற்பனையைப் பார்த்தது. வீட்டில் அடைபட்டவர்கள் கிட்டார் வாங்கி, வீடியோ பார்த்துத் தனியாகக் கற்றுக்கொண்டார்கள்.

கிட்டார் விற்றது. குழு சேரவில்லை. ராக் இசையின் சரிவு என்று சொல்வதைவிட, சேர்ந்து வாசிப்பதன் சரிவு என்று சொல்வதே பொருத்தம். நம் திருவிழா மேடையில் நடந்ததும் இதேதான்.

ஒரு சின்னக் கணக்கு

ஊர்ப் பெரியவர்கள் கஞ்சர்களாகிவிட்டார்கள் என்று குற்றம் சொல்வது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உதாரணத்துக்கு, பதினாறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு ஊர் 60,000 ரூபாய் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேன், சவுண்ட், லைட், சாப்பாடு என்று 20,000 போய்விடும். மீதி 40,000-ஐப் பதினாறால் வகுத்தால் ஆளுக்கு 2,500. மத்தியானம் கிளம்பி விடியற்காலையில் வீடு திரும்பும் வேலைக்கு அதுதான் கூலி. கிட்டாருக்குக் கம்பி மாற்றுவது, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் எல்லாம் அவரவர் பொறுப்பு. ஒரு பாட்டுக்கான ஒத்திகைக்குக் காசே கிடையாது.

அதே ஊருக்கு இன்னொருவர் வருகிறார். 'இரண்டு பாடகர்கள், கரோக்கி டிராக், 25,000 போதும்' என்கிறார். பாட்டு ஒரிஜினல் மாதிரியே இருக்கும். சுருதி பிசகாது, தாளம் தப்பாது. ஊருக்கு 35,000 மிச்சம். வருகிற மூன்று பேருக்கும் ஆளுக்குக் கிடைப்பது முன்பைவிட அதிகம். இதில் யாரைக் குறை சொல்வது?

முதலில் வயலினும் டிரம்பெட்டும் போயின. பிறகு தபேலாவையும் டோலக்கையும் காங்கோவையும் ஒரே ரிதம் பேட் விழுங்கியது. பேஸ் கிட்டாரின் வேலையைக் கீபோர்டுக்காரரின் இடது கை செய்தது. கடைசியில் கீபோர்டின் வேலையைப் பென் டிரைவ் செய்தது. ஒரே நாளில் நடந்திருந்தால் ஊரே சத்தம் போட்டிருக்கும். திருவிழாவுக்குத் திருவிழா ஓர் ஆளாகக் குறைந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மேடைக்கு வெளியேயும் இதே கதைதான். கல்யாண ஊர்வலத்தில் நையாண்டி மேளம் நின்ற இடத்தில் கேரளத்துச் செண்டை மேளம் வந்தது. பிறகு, லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கிய டி.ஜே வந்தது.

2020, 2021 என இரண்டு வருடங்கள் கள்ளழகர் மக்கள் கூட்டத்தோடு வைகையில் இறங்கவில்லை. சித்திரைத் திருவிழாவே கோயிலுக்குள் முடிந்தபோது கிராமத் திருவிழாக்களும் நின்றன. சீசன் வருமானத்தை நம்பியிருந்த மேடைக் கலைஞர்களுக்கு அது பெரிய அடி. தை தொடங்கி ஆடி வரைக்கும் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடும் தொழிலில் இரண்டு சீசன் போனால் யார்தான் தாங்குவார்கள்? கருவியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

பத்து மணிக்கு மேல் பாட்டில்லை

பணம் மட்டும் காரணமில்லை. நேரமும் சுருங்கியது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாள்களில், அதுவும் வருடத்துக்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். நோயாளி, கைக்குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எல்லோரும் இருக்கும் ஊரில் இந்த விதி நியாயமானதுதான். ஆனால், இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்த கச்சேரி இரண்டு மணி நேரமாகிவிட்டால், பதினைந்து பேரைக் கூட்டிவந்து கருவிகளை இறக்கி சுருதி சேர்ப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். லேப்டாப்புக்கு அந்தப் பிரச்னை கிடையாது.

திருவிழாக் காலம் வந்தால், 'ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டும்' என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுக்கள் குவிவது வழக்கமாகிவிட்டது. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது, சாதியையோ கட்சியையோ உயர்த்தும் பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். ஒரு பாட்டுக் கச்சேரிக்காக ஊரார் வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது என்பதே, மேடை எவ்வளவு சிக்கலான இடமாகிவிட்டது என்பதற்குச் சாட்சி.

கையடக்கப் பாட்டு

கேசட் போய் சி.டி வந்தது. ஒரே சி.டி-யில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டை அடைத்த எம்.பி.3 வந்தது. செல்போன் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதிவைத்த காலமும் வந்து போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, இன்டர்நெட் டேட்டா தண்ணீர் மாதிரி ஆனது. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்கு உசிலம்பட்டியில் ஆடு மேய்ப்பவரின் சட்டைப்பையிலும் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. இதைவிடப் பெரிய வரம் இசை ரசிகருக்கு வேறென்ன வேண்டும்?

வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் அது ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. அதனால், கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவுவதற்குள் அவரைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் உலகம் முழுக்கப் பாட்டின் உடம்பையே மாற்றியது. நீளமான முன்னிசை குறைந்தது. இடையிசை சுருங்கியது. லீட் கிட்டாரும் வயலினும் குடியிருந்த வீடே அந்த இடையிசைதான். ரீல்ஸுக்கு வேண்டியதோ பாட்டின் பதினைந்து விநாடித் துண்டு.

பணம் என்று வந்தால், ஒருமுறை கேட்பதற்குக் கிடைப்பது பைசாக் கணக்கு. 2024 முதல், 12 மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை. புதிதாக வரும் சின்னக் குழுவுக்கு அந்த ஆயிரமே ஒரு மலை. கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட பாட்டிலும் சிக்கல் தீர்வதில்லை. 2021-ல் உலகமே பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உரிமை கொடுத்தது. கருவி வாசிப்பவரும் சட்டத்தின் பார்வையில் 'நிகழ்த்துபவர்'தான், அவருக்கும் உரிமை உண்டு. ஆனால், அந்த நாளில் ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்தவர் யார் என்று பாட்டுப் பெட்டியின் அட்டையிலேயே போடாத தொழிலில், யாரைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது? கரோக்கியில் இன்றைக்கும் ஊர் ஊராகப் போய் வாசிப்பது அவருடைய விரல்கள்தான்.

எல்லாமே நஷ்டமா?

ஒரே பக்கம் அழுதுகொண்டிருப்பதும் நியாயமில்லை. கரோக்கி வந்ததால், ரிட்டயர்டு ஆன ஆசிரியரும், வீட்டு வேலைக்கு நடுவே முணுமுணுத்துக்கொண்டிருந்த அக்காவும் இன்று மைக் பிடித்துப் பாடுகிறார்கள். முன்பு மேடை ஏறவே வழியில்லாத குரல்கள் யூடியூபில் லட்சம் பேரை எட்டுகின்றன. சென்னையில் 2018-ல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக் கிட்டாரையும் ஒன்றாகக் கலந்து, சாதிக்கு எதிராகப் பாடியது. பக்கத்துக் கேரளத்தில் 'அவியல்', 'தைக்குடம் பிரிட்ஜ்' போன்ற குழுக்கள் மலையாளத்திலேயே ராக் பாடி ஜெயித்தன.

நேரில் கேட்கும் ஆசையும் செத்துவிடவில்லை. 2025 ஜனவரியில் அகமதாபாத்தில் கோல்ட்பிளே குழுவைக் கேட்க ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். பாவலர் சகோதரர்களின் தம்பி, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து நேரில் வாசிக்கவைத்தார். எல்லா ஒலியையும் கம்ப்யூட்டரே தரும் காலத்தில், அத்தனை மனிதர்கள் சேர்ந்து வாசித்தாக வேண்டும் என்று அவர் நினைத்ததை யோசித்துப் பாருங்கள்.

ஆக, உச்சியில் இருக்கும் பெரிய மேடைக்கு ஆபத்தில்லை. கையில் இருக்கும் போனுக்கும் ஆபத்தில்லை. நடுவில் இருந்த ஊர் மேடைதான் காலியாகிறது. அந்த நடு மேடையில்தான் அடுத்த தலைமுறை தொழில் கற்றுக்கொண்டது. பண்ணைப்புரத்துப் பையன் ஆர்மோனியம் வாசித்துப் பழகியது அங்கேதான்.

அலங்காநல்லூர் காட்டும் வழி

மதுரைக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பதிலும் இருக்கிறது. அலங்காநல்லூர் என்றால் உங்களுக்கு ஜல்லிக்கட்டுதான் ஞாபகம் வரும். அந்த ஊர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி அது. வாசித்தவர்களும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார்கள். இன்றைக்குக் கல்லூரி மாணவர்களும், ஐ.டி இளைஞர்களும், பெண்களும் பறை கற்றுக்கொள்கிறார்கள்.

செண்டையும் டி.ஜே-யும் வந்த இதே காலத்தில் பறை எப்படி எழுந்தது? அதை வெறும் ஒலியாக யாரும் வாங்கவில்லை என்பதுதான் ரகசியம். வட்டமாக நின்று, ஒருவர் அடிக்கு இன்னொருவர் அடி சேர்த்து, கால் மாற்றி ஆட வேண்டும். பத்துப் பேர் வேண்டும் என்பது பறைக்குச் செலவல்ல. அதன் அழகே அதுதான். பென் டிரைவில் பறையை ஒலிக்கவிட்டால் சத்தம் வரும். அடவு வராது.

பாட்டுக் கச்சேரிக்கும் இதே வழி திறந்தேதான் இருக்கிறது. 'அச்சு அசல் பாட்டு மாதிரியே இருக்கணும்' என்று நாம் கேட்கும்வரை மெஷின்தான் ஜெயிக்கும். அச்சு அசலாக ஒப்பிப்பதில் மெஷினை மிஞ்ச ஆளில்லை. 'எங்க ஊருக்கு வந்து, எங்க கண்ணு முன்னாடி வாசிங்க' என்று கேட்டால்தான் மனிதருக்கு வேலை.

அடுத்த திருவிழாவுக்கு வரி போட்டு, ஊர்க்கூட்டத்தில் கச்சேரி பேசும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: 'மேடையில எத்தனை பேர் வாசிப்பாங்க?' பதினைந்து பேருக்கு வழியில்லை என்றால் ஐந்து பேராவது போதும். வாணவேடிக்கையில் ஒரு சரத்தைக் குறைத்தால் ஒரு கிட்டார் வரும். எல்.இ.டி விளக்கில் ஒரு வரிசையைக் குறைத்தால் ஒரு தபேலா வரும். வீட்டு விசேஷமாக இருந்தால், ஒரு மணி நேரம் மட்டுமாவது நேரில் வாசிக்கச் சொல்லுங்கள். பாடகர் பெயரைப் போடும் பேனரில், வாசிப்பவர்களின் பெயரையும் போடுங்கள். அதற்குக் காசே ஆகாது.

நேரில் வாசித்தால் சில இடங்களில் சுருதி பிசகலாம். கரன்ட் போகலாம். கிட்டார் கம்பி அறுந்து, மாற்றுகிறவரைக்கும் டிரம்ஸ்காரர் சமாளித்து வாசிக்கலாம். பரவாயில்லை. மேடைக்குக் கீழே கன்னத்தில் கை வைத்து நின்றுகொண்டிருக்கும் ஒரு சின்னப் பையனோ பெண்ணோ, அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லேப்டாப்பை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.